பெருசா ஒரு பொட்டி வாங்கலாமா? திருவொற்றியூர்ல இருந்து ஒரு பார்வை

'பொட்டி'ன்னா எங்க ஏரியால ரெண்டு அர்த்தம். ஒண்ணு, காசிமேட்டுல மீனை ஐஸ் போட்டு அடுக்குற பொட்டி. இன்னொண்ணு, நாமெல்லாம் தட்டுற பொட்டி. இந்தப் பதிவு ரெண்டாவது பொட்டியைப் பத்தி. ஆனா முதல் பொட்டியும் நடுவுல வரும். வராம இருக்காது, அதைக் கொண்டு வந்தவர் அப்படிப்பட்ட ஆளு.

எங்க தெருவுல ஒரு தம்பி இருக்கான். கானா பாட்டு வீடியோ, கல்யாண வீடியோன்னு எடிட்டிங் வேலை. இத்தனை நாளா ஒரு ஸ்டுடியோல உக்காந்து அடுத்தவன் பொட்டில தட்டிக்கிட்டு இருந்தான். இப்போ சொந்தமா ஒண்ணு போடணும்னு முடிவு பண்ணி, சீட்டுப் பணம் எடுத்து, அம்மாவோட சங்கிலிய வேற அடகு வெச்சு, ஒரு லட்சத்து இருபதாயிரம் தேத்தி வெச்சிருக்கான். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல மொபைலைத் தூக்கிக்கிட்டு வந்துட்டான்.

"ண்ணா, இது எப்டி கீது? ஃபுல் டவர். கேபினட்டு பெர்சா இருந்தாதான் கெத்து. காத்து சும்மா அள்ளும்னு எல்லா ரிவ்யூலயும் சொல்றான்."

என்கிட்ட வந்ததுக்குக் காரணம் இருக்கு. அவன் காட்டின அதே கேபினட் எங்க வீட்டுல ரெண்டு மழைக்காலமா நின்னுக்கிட்டு இருக்கு. வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு நண்பன்கிட்ட இருந்து பாதி விலைக்கு வாங்குனது. ஃப்ராக்டல் டிசைன்னு ஒரு ஸ்வீடன் கம்பெனி, மாடல் பேரு டோரன்ட். 2021ல வந்தது. பொட்டி போடுறதையே பொழப்பா வெச்சிருக்கிற கூட்டத்துக்குள்ள இதுக்கு இன்னைக்கும் நல்ல மரியாதை.

அவனுக்கு அன்னைக்கு நான் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன். ஏன்னா இந்த மாதிரி பெரிய கேபினட் பத்தி வர்ற ரிவ்யூ எல்லாம் 21, 22 டிகிரி ரூம்ல, ஏசி போட்டு, கதவு சாத்தி வெச்சு எழுதுனது. கடல்ல இருந்து நானூறு அடில, ஜன்னலைத் தொறந்தா எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு கன்டெய்னர் லாரிப் புகை வர்ற வீட்டுல உக்காந்து எவனும் எழுதல. நான் எழுதுறேன்.

முதல்ல பொட்டியோட அளவு. நீளம் 544 மி.மீ., உயரம் 530, அகலம் 242. ரெண்டு பக்கமும் கண்ணாடி, உள்ள ஒண்ணுமே மாட்டாம காலியா பதினோரு கிலோ பக்கம் வரும். முன்னாடி 180 மி.மீ. ஃபேன் ரெண்டு, அடியில 140 மி.மீ. ஃபேன் மூணு, ஆக அஞ்சு ஃபேன் பொட்டியோடவே வருது. அஞ்சுமே காத்தை உள்ள இழுக்குறதுதான். மேல்பக்கம் ஓட்டையே கிடையாது, தகடு போட்டு மூடியாச்சு. எஸ்எம்பிஎஸ்ஸை மேல தூக்கி வெச்சுட்டாங்க, அந்தக் கால கேபினட் மாதிரி. (2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்து வீட்டுக்குள்ள தண்ணி நின்னப்போ இந்தப் பொட்டி என்கிட்ட இல்ல. இருந்திருந்தா எஸ்எம்பிஎஸ் மட்டும் கடைசியா முழுகி இருக்கும்னு நினைச்சு சிரிச்சுக்குவேன். மத்ததெல்லாம் முழுகி இருக்கும்.)

கிராஃபிக்ஸ் கார்டு முன் ஃபேன் மாட்டின நிலையிலயே 423 மி.மீ. வரைக்கும் உள்ள போகும். இன்னைக்குக் கிடைக்கிற பெரிய கார்டுங்களே முந்நூத்தம்பது மி.மீ. சுத்திதான். அதனால இடத்துக்குப் பஞ்சமே இல்ல. ஆனா பாருங்க, இவ்ளோ பெரிய வீட்டுல 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் வைக்க ரெண்டே ரெண்டு இடம். அப்புறம் 2.5 இன்ச் எஸ்எஸ்டிக்கு நாலு. கல்யாண வீடியோக்காரனுக்கு ஹார்ட் டிஸ்க்குதான் பீரோ. பழைய கல்யாணத்தை எல்லாம் அழிக்கவும் முடியாது, பொண்ணு வீட்டுக்காரங்க மூணு வருஷம் கழிச்சு வந்து கேப்பாங்க. அந்தத் தம்பிக்கு இதுவே ஒரு மைனஸ். அவன் அதைக் கவனிக்கவே இல்ல, கண்ணாடிய மட்டும் பாத்திருக்கான்.

இதைவிடப் பெருசெல்லாம் இருக்கு. கோர்சேர் 1000டின்னு 2018ல ஒண்ணு வந்துச்சு, காலிப் பொட்டியே இருபத்தொம்பதரை கிலோ. எங்க வீட்டு மாடிப்படி சைசுக்கு அதைத் தூக்கிட்டுப் போனா பாதில நின்னு குடும்பமே வெளிய வரமுடியாம போயிடும். டோரன்ட்டையே ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் இருந்த நண்பன் வீட்டுல இருந்து ஆட்டோலதான் கொண்டு வந்தேன். அரசினர் தோட்டத்துல மெட்ரோ ஏறுனா நேரா விம்கோ நகர்தான், ஆனா அந்த அட்டைப் பொட்டியோட போனா செக்யூரிட்டி என்னையே ஸ்கேன் மிஷின்ல படுக்க வெச்சிருவாங்கன்னு பயம். வீட்டுல இறக்கி வெச்சதும் எங்க வீட்டம்மா கேட்ட முதல் கேள்வி, "இதுக்குத் தனியா ரேஷன் கார்டு போடணுமா?"

சரி, இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ரெண்டாயிரத்து மூணு, நாலு வாக்குல ராயபுரத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல பகுதி நேரமா வேலை பாத்தேன். பன்னெண்டு பொட்டி. ஒவ்வொண்ணையும் மாசத்துக்கு ஒரு தடவ தொறந்து புளோயர் அடிக்கணும். உள்ள இருந்து வர்ற தூசி சாம்பல் நிறத்துல இருக்காது, கறுப்பா இருக்கும். தொட்டா கை மை பூசுன மாதிரி ஆகும். துறைமுகத்துல நிலக்கரி இறக்கிக்கிட்டு இருந்த காலம் அது. வீட்டுத் தரை, கொடில காயுற துணி, சாமி படம் எல்லாத்துலயும் அதே கறுப்பு. 2011ல ஐகோர்ட் உத்தரவு வந்து, அந்த வருஷம் அக்டோபர்ல இருந்து சென்னைத் துறைமுகத்துல நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுறது நின்னுச்சு. ராயபுரத்துக்காரங்க மூச்சு விட்டாங்க. ஆனா நிலக்கரி ஊரை விட்டா போச்சு? வடக்க எண்ணூருக்குப் போச்சு. அங்க 2001லயே அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கத்தான் தனியா துறைமுகம் ஆரம்பிச்சாங்க, 2014ல இருந்து அதுக்குக் காமராஜர் துறைமுகம்னு பேரு. பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017ல மூடிட்டாங்க. வடசென்னை அனல் மின் நிலையமும் வல்லூரும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. அந்தப் பக்கம் மணலில பெட்ரோலிய ஆலைகள். கிழக்க கடல். நடுவுல நாங்க.

அப்போ எங்க வீட்டுக் காத்துல என்னென்ன இருக்கு? சாதாரண தெருத் தூசி. லாரி டீசல் கரி. நிலக்கரிச் சாம்பல். உப்பு. அது போக கந்தகம் சேர்ந்த வாயுக்கள், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் போனா அழுகின முட்டை நாத்தம் அடிக்குதே, அதுவும் இந்த வகையறாதான். நான் பொழப்புக்கு ஒரு ஆலைல இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுல இருக்கேன். எங்க கன்ட்ரோல் ரூம்ல மின்னணுப் பெட்டிகள் இருக்கிற இடத்துல சின்னதா ரெண்டு தகடு தொங்க விட்டிருப்போம், ஒண்ணு செம்பு, ஒண்ணு வெள்ளி. ஒரு மாசம் கழிச்சு எடுத்து லேபுக்கு அனுப்புவோம். அந்தத் தகட்டு மேல எவ்வளவு தடிமனுக்கு துரு மாதிரி படலம் படிஞ்சிருக்குன்னு அளந்து சொல்லுவாங்க. இதுக்கு ஐஎஸ்ஏ 71.04ன்னு ஒரு தர அளவு இருக்கு. ஒரு மாசத்துல செம்புல 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழ, வெள்ளில 200க்குக் கீழன்னா ஜி1, அதாவது பரவாயில்ல. செம்புல ஆயிரத்தைத் தாண்டினா ஜி3, மோசம். 300 ஆங்ஸ்ட்ராம்ங்கிறது தலைமுடித் தடிமன்ல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு. அந்த அளவு படிஞ்சாலே கவலைப்பட ஆரம்பிச்சிடுவாங்க, மின்னணு சமாச்சாரம் அப்படி.

வீட்டுல லேப் கிடையாது. ஆனா எங்கம்மாவோட வெள்ளிக் கொலுசு இருக்கு. பீரோக்குள்ள துணில சுத்தி வெச்சாக்கூட ரெண்டு மாசத்துல கறுத்துடும். தாம்பரத்துல இருக்கிற எங்க சித்தி வீட்டுல அப்படி ஆகுறதில்ல. கொலுசு கறுக்குறதும் அந்த லேப் தகடு கறுக்குறதும் ஒரே வேதியியல்தான். வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தா கறுப்பு.

கொலுசுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னடா சம்பந்தம்னு கேக்காதீங்க. 2006 ஜூலைல ஐரோப்பாவுல ஈயத்தைத் தடை பண்ணி ஒரு சட்டம் அமலுக்கு வந்துச்சு, ரோஹெச்எஸ்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி போர்டுல இருக்கிற செம்புப் பாதை மேல ஈயம் கலந்த பூச்சு இருக்கும். அதுக்கப்புறம் வேற வேற பூச்சுகள் வந்துச்சு, அதுல ஒண்ணு மெல்லிசான வெள்ளிப் பூச்சு. கந்தகம் அதிகமா இருக்கிற ஊர்ல அந்தப் பூச்சு தாக்குப் பிடிக்கல. செம்புல இருந்து கறுப்பா ஒரு படலம் கிளம்பி, பாசி படர்ற மாதிரி பக்கத்துப் பாதைக்கு ஊர்ந்து போய் ஷார்ட் ஆக்கிடும். உலகம் முழுக்க டேட்டா சென்டர்காரங்க தலையில கை வெச்ச கதை இது. ஈயத்தை எடுத்தது நல்லதுக்குத்தான், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

எனக்கே நடந்திருக்கு. சில வருஷம் முன்னாடி ஒரு மதர்போர்டு, வாங்கி பதினாலு மாசம், வாரண்டி மூணு வருஷம். ஒரு நாள் நெட்வொர்க் போர்ட்டு செத்துச்சு, அடுத்த வாரம் முழுசா. சர்வீஸ் சென்டர்ல ஒரு பையன் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு, "சார் கரோஷன், வாரண்டில வராது"ன்னு ஒரே வரில முடிச்சுட்டான். எந்தக் கம்பெனி, எந்தக் கடைன்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா எங்க போனாலும் அதே பதில்தான், வாரண்டி அட்டைல பொடி எழுத்துல போட்டுதான் இருக்கு. கடலோரத்துல குடியிருக்கிறது நம்ம தப்பாம். அதுல எங்கப்பா கடைசி வருஷம் பேசின வீடியோ இருந்த டிஸ்க் தப்பிச்சது என் அதிர்ஷ்டம். அன்னைல இருந்து கேபினட்டை நான் அழகுக்குப் பாக்குறதில்ல.

இப்போ டோரன்ட்டுக்கு வருவோம். அதோட பெருமையே காத்துதான். அஞ்சு ஃபேன் உள்ள இழுக்குது, வெளிய தள்ள ஒண்ணும் கிடையாது, பின்பக்கம் இருக்கிற வலை வழியா காத்து தானா வெளிய போகுது. இதனால பொட்டிக்குள்ள அழுத்தம் வெளில இருக்கிறதைவிட கொஞ்சம் கூடுதலா இருக்கும். இடுக்கு, பொந்து எல்லாத்துலயும் காத்து உள்ள இருந்து வெளியதான் போகும், அதனால ஃபில்ட்டர் வழியா வராத தூசி உள்ள நுழையாது. எங்க கன்ட்ரோல் ரூம்லயும் இதே தத்துவம்தான், கதவைத் தொறந்தா காத்து மூஞ்சில அடிக்கும். பாத்த உடனே 'அட, நம்மாளுப்பா'ன்னு தோணுச்சு.

வித்தியாசம் ஒண்ணு இருக்கு. கன்ட்ரோல் ரூம் ஃபில்ட்டர்ல வாயுவை உறிஞ்சுற ரசாயனம் இருக்கும், தடிமனா படுக்கை மாதிரி. டோரன்ட்ல இருக்கிறது நைலான் வலை. பஞ்சு, தலைமுடி, பூனை முடி, மணல், இதெல்லாம் புடிக்கும். கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளியையும் மாவு மாதிரி சாம்பலையும் கந்தக வாயுவையும் அந்த வலை என்ன பண்ண முடியும்? கொசுவலைய வெச்சு மழைய நிறுத்துற கதைதான். இது ஃப்ராக்டல் குத்தம் இல்ல, உலகத்துல எந்தக் கேபினட்லயும் இதே வலைதான்.

அப்போ கணக்கைப் போட்டுப் பாருங்க. வலை வழியா உப்பு உள்ள வரத்தான் போகுதுன்னா, எவ்வளவு காத்து வருதோ அவ்வளவு உப்பு வரும். ரிவ்யூகாரன் எதைப் பெருமைன்னு சொல்றானோ அதுவே நம்ம ஊர்ல வினை.

இதை எனக்குக் கண்டுபிடிச்சுச் சொன்னது நான் படிச்ச படிப்பு இல்ல. அந்தத் தம்பியோட அப்பா. காசிமேட்டுல லாஞ்சு இன்ஜின் மெக்கானிக். பையன் பின்னாடியே எங்க வீட்டுக்கு வந்தவர், டோரன்ட்டை நாலு பக்கமும் சுத்திப் பாத்தார்.

"இன்னா தம்பி இது, ஐஸ் பொட்டி மாரி கீது?"

"கம்ப்யூட்டர்ண்ணே. உள்ள சூடாவாம இருக்க இவ்ளோ ஃபேன்."

"காத்து உள்ள இஸ்துக்குதா? உப்புக் காத்தா?" கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "நம்ம போட்ல ஜிபிஎஸ்ஸு, மீன் பாக்குற மெசினு எல்லாம் கீது. ஒண்ணுத்துலயும் ஓட்ட கெடியாது. கப்புனு மூடிட்டு இருக்கும். இத்த மட்டும் இன்னாத்துக்கு தொறந்து வுட்டு வெச்சிக்கீறீங்கோ?"

நெசமாவே நல்ல கேள்வி. போட்டுல இருக்கிற மெஷினு கொஞ்ச வாட்டுதான் எடுக்கும், அந்தச் சூடு உடம்பு வழியாவே போயிடும். எடிட்டிங் பொட்டி வேலை செய்றப்போ நானூறு, ஐந்நூறு வாட்டு சூடு. மூடி வெச்சா கருகிடும். தொறந்து வெச்சா துருப்பிடிக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கிறதுங்கிறதுதான் எங்க ஏரியாவுக்கான கேபினட் ரிவ்யூ.

அவர் போனப்புறம் நான் ஒரு காரியம் பண்ணினேன். டோரன்ட்டோட அடி ஃபேன் மூணையும் கழட்டி நிறுத்திட்டேன், அடியில தடிமனான பிளாஸ்டிக் ஷீட் வெட்டி வெச்சு அடைச்சாச்சு. தரைல இருந்து இழுக்குற காத்துலதான் தூசி அதிகம், எங்க வீட்டுல தினம் ரெண்டு வேளை பெருக்குறோம், அது வேற. முன்னாடி இருக்கிற 180 மி.மீ. ஃபேன் ரெண்டையும் மெதுவா ஓட விட்டேன். கிராஃபிக்ஸ் கார்டுல சூடு கொஞ்சம் ஏறுச்சு, தாங்குற அளவுதான். பெரிய ஃபேனோட அருமை இங்கதான் தெரியுது. சின்ன ஃபேன் கத்திக்கிட்டு தள்ளுற காத்தை இது சத்தமே இல்லாம தள்ளும். ஆக, அஞ்சு ஃபேனுக்குப் பேர் போன பொட்டில மூணை அணைச்சு வெச்சிருக்கிற ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.

சூட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். மே மாசம் மத்தியானம் எங்க ரூம் 35 டிகிரி. ரிவ்யூ எடுத்த ரூம் 22. இந்த 13 டிகிரி வித்தியாசம் அப்படியே பிராசசர் தலைல ஏறும், உலகத்துலயே நல்ல கேபினட்டா இருந்தாலும். நல்ல கேபினட்டுக்கும் சுமாரான நல்ல கேபினட்டுக்கும் நடுவுல ரிவ்யூல காட்டுற வித்தியாசம் மூணு டிகிரி, நாலு டிகிரி. அதுக்கு இருபதாயிரம் குடுக்குறதுக்கு, ஜன்னல்ல வெட்டிவேர் தட்டி கட்டி தண்ணி தெளிச்சா... வேணாம், ஈரப்பதம் ஏறும். வாபஸ் வாங்கிக்கிறேன் :-)

ஈரப்பதம்னு சொன்னதும் ஞாபகம் வருது. இதை யாரும் சொல்றதில்ல. உப்பு காய்ஞ்சு கிடந்தா அவ்வளவா தொல்லை இல்ல. காத்துல ஈரப்பதம் எழுபத்தஞ்சு சதவீதத்தைத் தாண்டினா சாப்பாட்டு உப்பு தானாவே தண்ணிய இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், மழைக்காலத்துல உப்பு ஜாடியப் பாத்தா தெரியும். கடல் உப்புல மெக்னீசியம் வேற இருக்கு, அது அதுக்கும் முன்னாடியே கசியும். போர்டு மேல படிஞ்ச தூசி இப்படி ஈரமாச்சுன்னா அது தூசி இல்ல, மின்சாரம் கடத்துற சேறு. ஆனா பொட்டி ஓடிக்கிட்டு இருக்கும்போது உள்ள சூடு. 30 டிகிரில 80 சதவீதமா இருக்கிற காத்து, 40 டிகிரிக்குச் சூடானா ஈரப்பதம் 46க்கு இறங்கிடும். தண்ணி எங்கயும் போகல, சூடான காத்துக்குக் கொள்ளளவு ஜாஸ்தி, அவ்வளவுதான். அப்போ ஆபத்து எப்போ? அணைச்சு வெச்சப்புறம். ராத்திரி முழுக்க, வலை வலையா தொறந்த பொட்டி, கடல் காத்துல ஊறிக்கிட்டு இருக்கும்.

கேமரா வெச்சிருக்கிறவங்களுக்கு இது புரியும். லென்ஸ்ல பூஞ்சை வராம இருக்க மூடின பொட்டிக்குள்ள ஒரு சின்ன பல்பு எரிய விடுவாங்க இல்ல? அதே தத்துவம். அந்தத் தம்பிகிட்ட நான் சொன்னது, ரெண்டர் வேலைய எல்லாம் ராத்திரிக்குத் தள்ளு. நீ தூங்குறப்போ பொட்டி சூடா இருக்கட்டும். வேலை இல்லாம நாள் கணக்குல அணைச்சு வைக்கிறதா இருந்தா, அணைச்சு ஆறினப்புறம் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு மூடு. எங்க வீட்டுல மிக்சிக்கே உறை இருக்கு, ஒரு லட்ச ரூபா பொட்டிக்கு இல்ல.

அடுத்தது தகடு. பெரும்பாலான கேபினட் தகடு மெல்லிசா துத்தநாகம் பூசின இரும்புத் தகடு, அதுக்கு மேல பவுடர் கோட்டிங். தட்டையா இருக்கிற இடத்துல ஒண்ணும் ஆகாது. வெட்டின ஓரம், திருகு போடுற ஓட்டை, பின்னாடி கார்டு மாட்டுற ஸ்லாட்டு, இங்கதான் ஆரம்பிக்கும். கடைல போனா எல்லாரும் முன்னாடி இருக்கிற கலர் லைட்டைத்தான் பாக்குறாங்க. நான் மொபைல் டார்ச் அடிச்சு ஓட்டையோட உள்பக்கத்தைப் பாப்பேன். கோட்டிங் ஓட்டைக்குள்ள வரைக்கும் போயிருந்தா நல்லது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பாப்பார், பாக்கட்டும். அலுமினியப் பொட்டி வேற ரகம், ஒரு காலத்துல லியான் லி கம்பெனி அதுக்குப் பேர் போனது. அது செவப்பா துருப்பிடிக்காது, ஆனா உப்புப் பட்டா புள்ளி புள்ளியா அரிக்கும். பெரிய பொட்டின்னா தகடு அதிகம், ஓரம் அதிகம், திருகு அதிகம். இதையும் யாரும் கணக்குல எடுக்கறதில்ல. திருகு மரைக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் தொட்டு மாட்டுங்க, லாஞ்சுக்காரர் சொன்ன வைத்தியம்தான் இதுவும். அவர் கிரீஸ்னு சொன்னார், நான் ஆயிலா குறைச்சுக்கிட்டேன்.

இவ்வளவு சொல்லிட்டு பெரிய பொட்டியே வேஸ்ட்டுன்னு சொன்னா அது நியாயம் இல்ல. ஒரு விஷயத்துல பெரிய பொட்டிய அடிச்சுக்க ஆளே இல்ல. சுத்தம் பண்றது. சின்ன பொட்டில கை நுழையாது, ஒயரெல்லாம் பின்னிக்கிட்டு கிடக்கும், அதனாலயே 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்'னு தள்ளிப் போடுவோம். டோரன்ட்ல கண்ணாடியக் கழட்டினா முழங்கை வரைக்கும் உள்ள போகுது. பெயின்ட் பிரஷ், புளோயர், பதினஞ்சு நிமிஷம். முன் ஃபில்ட்டரைக் கழட்டி குழாய்ல காட்டி மொட்டை மாடில காய வெச்சா முடிஞ்சது. (காய வெக்கிறப்போ கடல் பக்கம் பாத்து வைக்காதீங்க.) பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை நான் பண்றேன். வெயில் காலத்துல அந்த வலைல சேர்றது மங்கலான சாம்பல் நிறம், காத்து வடக்க இருந்து அடிக்கிற மாசத்துல கொஞ்சம் கறுப்பு. பழைய ராயபுரம் கறுப்பு அளவுக்கு இல்ல.

அப்போ யார் வாங்கலாம்? தனி ரூம் இருக்கு, கதவு சாத்தி ஏசி போடுவேன், பெரிய கார்டு போடுவேன், கையில காசு இருக்குன்னா தாராளமா. ரெண்டு பக்கமும் கண்ணாடி இல்லாத, தகடு போட்ட மாடலும் டோரன்ட்ல இருக்கு, அதையே வாங்குங்க. அடி ஃபேனை என்னை மாதிரி நிறுத்தி வைங்க. ஒரே ரூம்ல சமையல், படுக்கை, கம்ப்யூட்டர் எல்லாம் நடக்குற வீட்டுல, கடலைப் பாத்த ஜன்னலோட, சங்கிலிய அடகு வெச்சு வாங்குறவனுக்கு வேணவே வேணாம். இதுதான் என் கருத்து, மாத்துக் கருத்து இருக்கிறவங்க எங்க வீட்டுக்கு வந்து ஜன்னலைத் தொறந்து பாருங்க.

தம்பிகிட்ட நான் சொன்ன கணக்கு இது. கேபினட்டுக்கு நான் விசாரிச்சப்போ இருபதாயிரத்தை ஒட்டி விலை. அதுக்குப் பதிலா முன்னாடி வலை, கழட்டிக் கழுவுற ஃபில்ட்டர், 140 மி.மீ. ஃபேன் ரெண்டு இருக்கிற மிட் டவர் ஒண்ணு ஆறாயிரம், ஏழாயிரத்துக்குள்ள பாரு. மேல்பக்கம் ஓட்டையா இருந்தா அதை ஷீட்டு போட்டு அடை. 3.5 இன்ச் டிஸ்க்குக்கு நாலு இடம் இருக்கான்னு எண்ணிப் பாரு. மிச்சத்துல நல்ல எஸ்எம்பிஎஸ், ஒரு யூபிஎஸ், இன்னொரு ஹார்ட் டிஸ்க். கல்யாண சீசன்ல முகூர்த்த வீடியோ பொட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு பொட்டி செத்துப் போச்சுன்னா உன் கெத்து எங்க போகும்?

மூஞ்சி சுருங்கிடுச்சு அவனுக்கு. இருபத்திரெண்டு வயசு, முதல் சொந்தப் பொட்டி, கண்ணாடி வழியா லைட் எரியணும்னு ஆசை இருக்காதா? அந்த வயசுல நானும் ரிச்சி ஸ்ட்ரீட்ல நீல லைட் ஃபேன் ஒண்ணு வாங்க மூணு மாசம் காசு சேத்தவன்தான். அவங்கப்பா ஒண்ணும் சொல்லல, பையன் தோள்ல கை மட்டும் போட்டார்.

போன வாரம் பொட்டி வந்துடுச்சு. மிட் டவர்தான். ஆனா ஒரு பக்கம் கண்ணாடி, உள்ள ஆரஞ்சு கலர்ல லைட். ஃபில்ட்டர் கழட்டிக் கழுவுற மாதிரிதான் இருக்கு, டார்ச் அடிச்சு ஓட்டையெல்லாம் நானே பாத்தேன். தரைல வைக்காம எங்க வைக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தப்போ அவங்கப்பா காசிமேட்டுல இருந்து ஒரு பழைய ஐஸ் பொட்டியக் கொண்டு வந்து கவுத்துப் போட்டு, மேல பலகை வெச்சுக் குடுத்தார். முழங்கால் உயரம். மிக்ஜாம்ல அவங்க வீட்டுக்குள்ள வந்த தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு செவுத்துல கோடு இன்னும் இருக்கு, அதைப் பாத்து அளவெடுத்துட்டுதான் வெச்சிருக்கார். கோட்டுக்கு மேல ரெண்டு விரக்கடை.

டிஸ்கி: இந்தப் பொட்டிய யாரும் எனக்கு ஓசியில குடுக்கல, காசு குடுத்து வாங்குனதுதான். யாராவது ஓசியில குடுத்தாலும் வாங்கிக்குவேன். ஆனா ஐப்பசி, கார்த்திகை ரெண்டும் முடியுற வரைக்கும் அதைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டேன்.